வீட்டைக் காலி செய்து மோட்டார் ஹோமுக்கு மாறுகிறோம்: 31 அடியா, 25 அடியா, வேனா?

கேள்வி: பிளேனோ_தோட்டம்

எல்லோருக்கும் வணக்கம். டெக்சஸ், பிளேனோவில் நாலு படுக்கையறை வீடு. கணவருக்கு 66 வயது, எனக்கு 61. அவர் அமெரிக்கக் குடிமகன், நான் கிரீன் கார்டு. பிள்ளைகள் தனித்தனியாகப் போய்விட்டார்கள். செப்டம்பரில் கிளம்பி இரண்டு மூன்று வருஷம் மோட்டார் ஹோமிலேயே இருப்பதாகத் திட்டம். குளிருக்கு அரிசோனா, கோடைக்கு மொன்டானா, வாஷிங்டன் பக்கம்.

இதுவரை மூன்று வண்டி பார்த்து வைத்திருக்கிறோம். ஒன்று 31 அடி கிளாஸ் சி (வேன் முகப்புக்குப் பின்னால் வீட்டுப் பெட்டி கட்டியது), ஃபோர்டு ஈ-450 சேசி, அதாவது அடிச்சட்டம், இரண்டு ஸ்லைடு அவுட் (நிறுத்திய பிறகு வெளியே தள்ளி இடத்தைக் கூட்டும் சுவர்ப் பகுதி). உள்ளே நுழைந்தால் வீடு மாதிரியே இருக்கிறது. இன்னொன்று 25 அடி, அதுவும் ஈ-450, ஒரே ஸ்லைடு. மூன்றாவது மெர்சிடிஸ் ஸ்பிரின்டர் வேன் சேசி மேல் கட்டிய 24 அடி வண்டி. மனசு முதலாவதில் நிற்கிறது.

தெரிய வேண்டியவை: தினம் இரண்டு வேளை சமையல், வாரம் ஒரு தடவை இட்லி மாவு. கிரைண்டரை எடுத்துப் போகலாமா, கரண்ட் தாங்குமா? கழிப்பறையில் தண்ணீர்தான் பழக்கம், டேங்க் என்ன ஆகும்? 2022 சியன்னாவைப் பின்னால் கட்டி இழுக்க முடியுமா? பட்டுப் புடவை, பித்தளைச் சாமான், ஐந்து படிக்கான கொலு பொம்மைகள் எல்லாவற்றையும் என்ன செய்வது? வீட்டை விற்றுவிட்டால் முகவரிக்கு என்ன வழி?

பதில் 1: எடைமேடை

அக்கா, எந்த வண்டியாக இருந்தாலும் முதலில் நுழைவுக் கதவின் உட்புறம் ஒட்டியிருக்கும் எடைச் சீட்டைப் படியுங்கள். "ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது" என்று ஒரு எண் இருக்கும். ஓசிசிசி என்பார்கள். ஷோரூமில் சோபாவையும் டிவியையும் காட்டுவார்கள், இந்தச் சீட்டைக் காட்டமாட்டார்கள். நீண்டகாலம் வாழப் போகிறவர்களுக்கு வண்டியைத் தேர்ந்தெடுத்துக் கொடுப்பது இந்த ஒரு எண்தான்.

ஈ-450 சேசியின் மொத்த அனுமதி எடை 14,500 பவுண்டு. பெட்டி 25 அடியானாலும் 31 அடியானாலும் சேசி அதேதான். அதனால் பெட்டி நீள நீள, ஸ்லைடு கூடக் கூட, நீங்கள் ஏற்றக்கூடிய எடை குறையும். பெரிய வண்டியில்தான் குறைவாக ஏற்ற முடியும் என்பது முதலில் கேட்பவர்களுக்குத் தலைகீழாகத் தெரியும், ஆனால் கணக்கு அப்படித்தான் வருகிறது.

இரண்டு ஸ்லைடு வைத்த 31 அடி வண்டியில் சீட்டு 1,470 பவுண்டு என்று காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இந்த அளவு வண்டிகளில் அதிசயமான எண் இல்லை. மோட்டார் ஹோம் எடைச் சீட்டில் ஓட்டுநர் உட்பட ஆட்களின் எடையும் இதற்குள் அடக்கம். இரண்டு பேர் 310. தண்ணீர் காலனுக்கு 8.3 பவுண்டு, 40 காலன் டேங்க் நிரப்பினால் 332. மிச்சம் 828. இரண்டு லித்தியம் பேட்டரி, 400 வாட் சோலார், அதன் சட்டம், ஒயர் எல்லாம் சேர்த்து 150 போனால் 678.

இனி குடித்தனம். பாத்திரம், அடுப்படிச் சாமான் 200. துணி, படுக்கை, செருப்பு 150. அரிசி, பருப்பு, எண்ணெய், ஃபிரிட்ஜில் இருப்பது 100. தண்ணீர் ஹோஸ், கழிவு ஹோஸ், கரண்ட் கேபிள், லெவல் கட்டைகள், டூல்ஸ் 100. வெளியே போடும் நாற்காலி, மேசை, பாய் 60. கூட்டினால் 610. கையில் நிற்பது 68 பவுண்டு. கல்லோடு ஒரு வெட் கிரைண்டர், இரண்டு குத்துவிளக்கு, ஒரு பெட்டிப் புத்தகம் ஏற்றினால் தீர்ந்தது. கழிவு நீரைக் கொட்டாமல் நல்ல தண்ணீரை மறுபடி நிரப்பி ஓட்டினால் இன்னொரு 200, 300 பவுண்டு கூடி, வரம்பைத் தாண்டிவிடுவீர்கள்.

தாண்டினால் என்ன ஆகும்? பின் டயர்கள் சூடேறி வெடிக்கும். வெடித்த டயரின் பட்டை சக்கர மேல்கூட்டைக் கிழித்து, அடியில் போகும் ஒயரையும் குழாயையும் இழுத்துக்கொண்டு போகும். இறக்கத்தில் பிரேக் காயும். பெட்டி பின் ஆக்சிலுக்கு அப்பால் நீளமாகத் தொங்குவதால் பின்பக்க ஸ்டோரேஜில் வைக்கும் சுமை நெம்புகோல் போல முன் சக்கரத்தைத் தூக்கும். ஸ்டீயரிங் லேசாகி, காற்றடித்தால் வண்டி அலையும்.

அதே சேசியில் ஒரே ஸ்லைடு வைத்த 25 அடி வண்டிக்கு இந்த எண் பெரும்பாலும் ஆயிரம் பவுண்டாவது கூடுதலாக இருக்கும். ஒரு எச்சரிக்கை: சில குட்டை வண்டிகளை ஈ-350 சேசியில் கட்டுவார்கள், அதன் வரம்பு 12,500 தான். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஸ்பிரின்டர் மேல் கட்டும் 24, 25 அடி வண்டிகளுக்கு மொத்தமே 11,030 பவுண்டு. உள்ளே அழகாக இருக்கும். சீட்டைப் பார்த்தால் பலவற்றில் ஆயிரத்துக்கும் கீழே இருக்கும். இரண்டு பேர் குடித்தனத்துக்கு அது போதாது.

வாங்கிய பிறகு எல்லாச் சாமானும் ஏற்றி, தண்ணீரும் பெட்ரோலும் நிரப்பி, லாரிகள் நிற்கும் டிரக் ஸ்டாப்பில் கேட் ஸ்கேல் மேடையில் ஏற்றுங்கள். முன் ஆக்சில், பின் ஆக்சில் தனித்தனியாக எடை வரும். அந்த எடையை டயர் கம்பெனியின் அட்டவணையில் வைத்துப் பார்த்தால் எத்தனை பிஎஸ்ஐ காற்று என்று தெரியும். டயரின் பக்கச் சுவரில் அச்சிட்டிருக்கும் பிஎஸ்ஐ அந்த டயர் தாங்கும் உச்சச் சுமைக்கானது, உங்கள் வண்டியின் எடைக்கானது அல்ல.

பதில் 2: வடக்குப்பாதை

எடைமேடை சொன்னதை வழிமொழிகிறேன். நீளத்துக்கு இன்னும் இரண்டு காரணம் உண்டு.

மொன்டானா என்கிறீர்கள், அப்படியென்றால் கிளேசியர் நேஷனல் பார்க் போகாமல் வரமாட்டீர்கள். அங்கே கோயிங்-டு-த-சன் சாலையில் அவலாஞ்ச் முகாமுக்கும் ரைசிங் சன்னுக்கும் நடுவில் 21 அடிக்கு மேல் நீளமோ, கண்ணாடி உட்பட 8 அடிக்கு மேல் அகலமோ உள்ள வண்டிக்கு அனுமதி இல்லை. 25 அடியும் போகாது, 31 அடியும் போகாது. ஷட்டில் பஸ்ஸில் போக வேண்டும். ஆனால் இரவு தங்கும் இடத்தில் வித்தியாசம் தெரியும். நேஷனல் பார்க் முகாம்கள் பல, சின்ன வண்டிகளை மனதில் வைத்துப் பல வருஷம் முன்பு வெட்டியவை. 25 அடிக்குக் கிடைக்கும் இடம் 31 அடிக்குக் கிடைக்காது. அண்ணாவுக்கு 62 தாண்டிவிட்டதால் 80 டாலருக்கு ஆயுள்கால சீனியர் பாஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பார்க் நுழைவு இலவசம், பல அரசு முகாம்களில் வாடகை பாதி.

சியன்னா விஷயம். நாலு சக்கரமும் தரையில் உருள அதை இழுக்கக் கூடாது, டிரைவ் பகுதி கெட்டுவிடும். டெஸ்லாவும் அப்படியே. நாலு சக்கரத்தில் இழுக்க ஜீப் ரேங்லர் மாதிரி டிரான்ஸ்ஃபர் கேஸை (முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் பகுதி) நியூட்ரலில் போடக்கூடிய வண்டிகள், 2014 வரை வந்த ஹோண்டா சிஆர்-வி ஆகியவை பேர் பெற்றவை. 2015-இல் சிவிடி கியர்பாக்ஸ் வந்ததும் சிஆர்-வி அந்தப் பட்டியலிலிருந்து போய்விட்டது. எதுவானாலும் அந்த வருஷத்து மேனுவலில் எழுதியிருந்தால் மட்டுமே செய்யுங்கள். கார் பின்னால் இருக்கும்போது மோட்டார் ஹோமை ரிவர்ஸ் எடுக்க முடியாது, காரின் முன் சக்கரங்கள் குறுக்கே திரும்பிக்கொள்ளும். தவறான சந்தில் நுழைந்தால் காரைக் கழற்றித்தான் வெளியே வர வேண்டும். காருக்குத் தனி பிரேக் கருவியும் வேண்டும்.

25 அடி எடுத்தால் கார் இல்லாமலே ஓட்டிவிடலாம் என்பது என் கருத்து. கடை வாசலில் ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு பார்க்கிங் கட்டத்தில் அடங்கும். முகாமிலிருந்து தினம் வெளியே கிளம்பினால்தான் கார் தேவை. மூன்று வாரத்துக்கு மளிகை வாங்கி வைத்துக்கொண்டு ஒரே இடத்தில் இருப்பவர்களுக்குத் தேவையில்லை.

ஷோரூமில் ஒரு சோதனை மட்டும் கட்டாயம். ஸ்லைடை முழுவதும் உள்ளே இழுக்கச் சொல்லுங்கள். அந்த நிலையில் கழிப்பறைக்குப் போக முடிகிறதா, ஃபிரிட்ஜ் கதவு திறக்கிறதா, கட்டிலில் ஒருவர் படுக்க முடிகிறதா? வழியில் மழைக்கு ஒதுங்கும்போதும், ஸ்லைடு மோட்டார் மக்கர் செய்யும்போதும் அப்படித்தான் இருக்க வேண்டியிருக்கும். 31 அடி வண்டிகள் பலவற்றில் ஸ்லைடு உள்ளே இருந்தால் ஃபிரிட்ஜை ஒரு சாண்கூடத் திறக்க முடியாது.

பதில் 3: அடுப்பும்_ஆம்பும்

சமையல் கேள்விக்கு வருகிறேன். நம் சமையல் மோட்டார் ஹோமில் தாராளமாக நடக்கும். எதை எதில் ஓட்டுவது என்று தெரிந்திருந்தால் போதும்.

25 அடி வண்டிகளில் பெரும்பாலும் 30 ஆம்ப் இணைப்பு. 120 வோல்ட்டில் மொத்தம் 3,600 வாட். 13,500 பிடியூ ஏசி 13 முதல் 15 ஆம்ப் இழுக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு முழு வேகத்தில் 15. வாட்டர் ஹீட்டரை கரண்டில் போட்டால் 12. மைக்ரோவேவ் 12, 13. அதாவது ஏசியும் இண்டக்‌ஷனும் சேர்ந்தாலே விளிம்பு, மூன்றாவதாக எதையும் போட்டால் பிரேக்கர் விழும். வாட்டர் ஹீட்டரை கேஸுக்கு மாற்றிவிட்டுச் சமையுங்கள். 50 ஆம்ப் இணைப்பு என்பது இரண்டு கம்பியில் 50, 50. மொத்தம் 12,000 வாட். அது பஸ் மாதிரி இருக்கும் பெரிய கிளாஸ் ஏ வண்டிகளுக்கு.

முகாமின் கரண்ட் கம்பத்துக்கும் உங்கள் கேபிளுக்கும் நடுவில் ஒரு ஈஎம்எஸ் பாதுகாப்புக் கருவி போடுங்கள். வெறும் சர்ஜ் புரொடெக்டர் போதாது. அரிசோனாவில் எல்லோரும் ஒரே நேரத்தில் ஏசி போடும் மதியத்தில் வோல்டேஜ் இறங்கும். ஏசி கம்ப்ரஸர் அந்தக் குறைந்த வோல்ட்டில்தான் எரிகிறது. ஈஎம்எஸ் 104 வோல்ட் அளவில் துண்டித்துவிடும்.

கரண்ட் இல்லாத இடத்தில்: 100 ஆம்ப்-அவர் லித்தியம் பேட்டரி ஒன்று 1,280 வாட்-அவர், இரண்டுக்கு 2,560. 12 வோல்ட் கம்ப்ரஸர் ஃபிரிட்ஜ் ஒரு நாளைக்கு 600 முதல் 800 எடுத்துக்கொள்ளும். இங்கே விற்கும் 110 வோல்ட் டேபிள் டாப் கிரைண்டர் சுமார் 150 வாட். 40 நிமிஷம் ஓடினால் 100 வாட்-அவர்தான். கிரைண்டருக்குக் கரண்ட் பிரச்சினையே இல்லை அக்கா, எடைதான் பிரச்சினை. 2 லிட்டர் கிரைண்டர் கல்லோடு 20 பவுண்டுக்கு மேல் இருக்கும். ஓடும்போது உருளைக் கல்லைக் கழற்றித் துணியில் சுற்றி, தரையோடு உள்ள அலமாரியில், ஆக்சிலுக்கு மேலே வையுங்கள். மேல் அலமாரியில் வைத்தால் ஒரு பிரேக்கில் கதவை உடைத்துக்கொண்டு வரும். மிக்ஸி 550 வாட், ஐந்து நிமிஷத்துக்கு 45 வாட்-அவர். 6 குவார்ட் இன்ஸ்டன்ட் பாட் ஒரு சாம்பாருக்கு 300 முதல் 400. இண்டக்‌ஷன் அரை மணி முழு வேகத்தில் போனால் 900. வெளியே தங்கும் நாட்களில் இண்டக்‌ஷனைத் தொடாதீர்கள், கேஸ் அடுப்பில் வையுங்கள். ஏசியையும் பேட்டரியில் ஓட்டும் எண்ணம் வேண்டாம். இரண்டு பேட்டரியும் இரண்டு மணி நேரத்துக்குள் காலி.

இந்தியாவிலிருந்து வந்த 230 வோல்ட் கிரைண்டரை மாற்றியில் போட்டு ஓட்ட நினைக்காதீர்கள். இங்கே 60 ஹெர்ட்ஸ் என்பதால் மோட்டார் 20 சதவீதம் வேகமாகச் சுற்றும், மாவு சூடாகும். இன்வெர்ட்டர் கட்டாயம் பியூர் சைன் வேவ், 2,000 வாட். முழுச் சுமையில் அது 12 வோல்ட் பக்கம் 170 ஆம்புக்கு மேல் இழுக்கும், எனவே பேட்டரிக்குப் பக்கத்திலேயே தடித்த கேபிளோடு, கிளாஸ்-டி (Class T) ஃபியூஸ் போட்டுப் பொருத்த வேண்டும். மெல்லிய கேபிளில் போட்டுக் கொடுத்து, அது உருகிய வண்டிகள் நிறைய. ஓடும்போது எஞ்சினிலிருந்து சார்ஜ் ஏற்ற டிசி-டிசி சார்ஜர் வைக்காவிட்டால் லித்தியம் ஆல்டர்னேட்டரை முழுவதும் உறிஞ்சி எரித்துவிடும். பூஜ்யம் டிகிரி செல்சியஸுக்குக் கீழே லித்தியத்தில் சார்ஜ் ஏற்றக் கூடாது. பேட்டரி பெட்டி வெளியில் இருந்தால் ஹீட்டர் உள்ள பேட்டரியாக வாங்குங்கள்.

தாளிப்பு. கடுகும் மிளகாயும் வெடிக்கும் புகையில் ஸ்மோக் அலாரம் கத்தும். அதைக் கழற்றி வைப்பவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். கூரை ஃபேனை வெளியே தள்ளும்படி போட்டு, அதற்கு எதிர்க்கோடியில் ஒரு ஜன்னலை மட்டும் நான்கு விரல் திறங்கள். காற்று அடுப்பைக் கடந்து போகும், புகை படுக்கைப் பக்கம் போகாது. மீன் வறுவல், அப்பளம் எல்லாம் வெளியே மேசை போட்டு, வண்டியின் வெளிப்பக்க பிளக்கில். எண்ணெய்ப் பசை வண்டிக்குள் துணி ஒட்டிய கூரையில் ஏறினால் பிறகு போகாது.

மாவு புளிக்க இன்ஸ்டன்ட் பாட்டின் தயிர் மோட் போதும், பாத்திரத்தைப் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள். 7,000 அடி உயரத்தில் தண்ணீர் சுமார் 93 டிகிரியில் கொதித்துவிடும். குக்கரில் பருப்புக்கு நேரத்தைக் கூட்ட வேண்டும்: 2,000 அடிக்கு மேல் ஒவ்வொரு ஆயிரம் அடிக்கும் 5 சதவீதம்.

பதில் 4: சாம்பல்_தொட்டி

கழிவுத் தொட்டிகள் பற்றி நான் எழுதுகிறேன், யாரும் வெட்கப்பட வேண்டிய விஷயம் இல்லை.

இரண்டு தொட்டி: பாத்திரம் கழுவுவதும் குளிப்பதும் போகும் கிரே டேங்க், கழிப்பறைக்கு பிளாக் டேங்க். 35 காலன் என்றால் 132 லிட்டர். நம் தண்ணீர்ப் பழக்கம் பிளாக் டேங்குக்குக் கெடுதல் இல்லை, நல்லது. அந்தத் தொட்டி கெடுவது தண்ணீர் குறைவதால்தான். முகாமில் வால்வைத் திறந்தே வைத்துவிடுவார்கள். நீர் எல்லாம் வடிந்துபோய் திடப் பொருள் மட்டும் குழாய்க்கு நேர் கீழே கூம்பாக இறுகிவிடும். பிறகு அதை உடைத்து எடுக்க ஆள் கூப்பிட வேண்டும். எனவே பிளாக் வால்வு எப்போதும் மூடியே இருக்கட்டும், மூன்றில் இரண்டு பங்கு நிறைந்ததும் ஒரே வீச்சில் திறங்கள். கைத்தெளிப்பான் பொருத்தினால் இரண்டு பேருக்கு ஒரு நாள் 25 லிட்டர் போட்டுக்கொள்ளுங்கள், மூன்று, நான்கு நாளைக்கு ஒரு தடவை கொட்ட வேண்டும்.

கொட்டும்போது பிளாக் முதலில், கிரே அடுத்து. சோப்புத் தண்ணீர் ஹோஸைக் கழுவிவிடும். கையுறை, தனி ஹோஸ். குடிநீர் ஹோஸை அந்தப் பெட்டியிலேயே வைக்கக் கூடாது.

நம்மவர்களுக்குத் தொல்லை கிரே டேங்கில்தான். புளிச் சக்கை, தேங்காய்த் துருவல், கஞ்சி, எண்ணெய். எண்ணெய் சுவரில் படிந்து சென்ஸாரை மூடும், காலியான தொட்டியையும் முக்கால் என்று காட்டும். மாவுக் கஞ்சி வெயிலில் புளித்து, அடைப்பு மூடி வழியாக நாற்றம் உள்ளே வரும். சிங்க்கில் மெல்லிய சல்லடை போடுங்கள். தட்டையும் வாணலியையும் பேப்பர் டவலால் வழித்துக் குப்பையில் போட்டுவிட்டு அப்புறம் கழுவுங்கள். அரிசி களைந்த தண்ணீரை ஒரு வாளியில் பிடித்து கழிப்பறைக்கு ஊற்றலாம், பிளாக் டேங்குக்கும் நீர் சேரும். அரிசோனாவில் குவார்ட்ஸைட் பக்கம் பாலைவனத்தில் தங்குகிறவர்கள் "செடிக்குத்தானே" என்று தரையில் ஊற்ற வேண்டாம். கழிவு நீரைத் தொட்டியில் பிடித்துக் கொட்டும் இடத்தில்தான் விட வேண்டும்.

குவார்ட்ஸைட் பற்றி இன்னொன்று: அங்கே பிஎல்எம் (அரசு நிலங்களைப் பார்க்கும் ஃபெடரல் துறை) நடத்தும் நீண்டகாலத் தங்குமிடங்களில் செப்டம்பர் 15 முதல் ஏப்ரல் 15 வரை ஒரே அனுமதிச் சீட்டில் இருக்கலாம். மற்ற பிஎல்எம் நிலத்தில் பொதுவாக 28 நாளில் 14 நாள்தான்.

பதில் 5: பரணும்_பெட்டியும்

குளியலறைத் தராசு ஒன்றை நடுக்கூடத்தில் வையுங்கள். ஒவ்வொரு பெட்டியையும் எடை போட்டு மேலே ஒட்டிய டேப்பில் பவுண்டை எழுதுங்கள். எடைமேடை கொடுத்த எண்ணைச் சுவரில் ஒட்டி, அதிலிருந்து கழித்துக்கொண்டே வாருங்கள். "இது வேண்டுமா" என்று கேட்டால் எல்லாம் வேண்டும் என்றுதான் மனசு சொல்லும். "இதற்குப் பதில் எதை இறக்குவது" என்று கேட்டால் கை தானாகப் பிரிக்கும். அடுப்படிக்கு முடிவில் நிற்பது: 3 லிட்டர் குக்கர், ஒரு வாணலி, ஒரு தோசைக்கல், இன்ஸ்டன்ட் பாட்டுக்குள் அடங்கும் இட்லித் தட்டு, நாலு தட்டு, நாலு டம்ளர், அஞ்சறைப் பெட்டி. தோசைக்கல் இரும்பு வேண்டுமென்றால் ஒன்றே ஒன்று.

பட்டுப் புடவை வண்டிக்கு ஆகாது. குளிர் இரவில் சமைத்தால் ஜன்னலிலும் அலமாரிச் சுவரிலும் நீர் கோக்கும், ஜரிகை கறுக்கும். பிள்ளைகளில் ஒருவர் வீட்டில், பழைய வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி வையுங்கள். பிளாஸ்டிக் உறை கூடாது, நாப்தலின் உருண்டை ஜரிகையில் படக் கூடாது, மூன்று மாதத்துக்கு ஒரு முறை மடிப்பை மாற்றச் சொல்லுங்கள். ஒன்றிரண்டை மட்டும் கூட எடுத்துக்கொள்ளலாம்.

கொலு: மண் பொம்மை வண்டி அதிர்வில் கழுத்தில் விரிசல் விடும். மரப்பாச்சி ஜோடியை மட்டும் ஒரு கம்பளிச் சாக்ஸுக்குள் போட்டு எடுத்துப் போங்கள், சாப்பாட்டு மேசையில் ஒரு படி வைத்தாலும் கொலுதான். மற்றவற்றைத் தமிழ்ச் சங்கத்திலோ கோவிலிலோ கேட்டுப் பாருங்கள், வாங்கி வைத்து வருஷா வருஷம் அடுக்குபவர்கள் இருப்பார்கள்.

ஸ்டோரேஜ் அறை வாடகைக்கு எடுக்க ஆசை வரும். மாதம் 150 டாலர் என்றாலும் மூன்று வருஷத்தில் 5,400. உள்ளே இருக்கும் சோபா அவ்வளவு பெறாது. டெக்சஸ் வெயிலில் ஏசி இல்லாத அறையில் புகைப்படமும் பட்டும் ஒரு கோடையைத் தாண்டாது. போட்டோவை ஸ்கேன் செய்யுங்கள்; நகையும் மூல ஆவணங்களும் வங்கி லாக்கரில். பாஸ்போர்ட், கிரீன் கார்டு, மெடிகேர் (முதியோருக்கான அரசு மருத்துவக் காப்பீடு) அட்டை மட்டும் தீப்பிடிக்காத பையில் உங்களோடு.

வீட்டு விற்பனை பற்றி மற்றவர்கள் ஒத்துக்கொள்ளாமல் போகலாம், ஆனாலும் சொல்கிறேன்: இப்போதே விற்காதீர்கள். கடைசி ஐந்து வருஷத்தில் இரண்டு வருஷம் குடியிருந்திருந்தால் தம்பதிக்கு 5,00,000 டாலர் வரை லாபத்துக்கு ஃபெடரல் வரி விலக்கு. வெளியேறி மூன்று வருஷம் வரை அந்த உரிமை கையில் இருக்கும். வாடகைக்கு விட்டு, ஒரு குளிர்காலமும் ஒரு கோடையும் ஓட்டிப் பார்த்துவிட்டு விற்றாலும் விலக்கு போகாது. வாடகை நாட்களுக்கான தேய்மானத்துக்கு மட்டும் வரி வரும், குடியிருக்கும் வீட்டுக்கு டெக்சஸ் தரும் ஹோம்ஸ்டெட் சொத்து வரிச் சலுகையும் நின்றுவிடும்.

முகவரி: டெக்சஸில் இருந்து மாற வேண்டியதில்லை. லிவிங்ஸ்டனில் எஸ்கேப்பீஸ் என்ற மோட்டார் ஹோம்காரர்கள் சங்கத்தின் தபால் சேவை இதற்கென்றே இருக்கிறது. தபால் துறையின் 1583 படிவத்தில் நோட்டரி முன் கையெழுத்திட்டால் உங்கள் தபாலை அவர்கள் வாங்கலாம். சில வங்கிகள் அதைக் குடியிருப்பு முகவரியாக ஏற்காது, முன்கூட்டியே கேளுங்கள். அக்கா, உங்களுக்கு கிரீன் கார்டு என்பதால் முகவரி மாறிய 10 நாளுக்குள் குடியேற்றத் துறைக்கு ஏஆர்-11 படிவம் ஆன்லைனில் போட வேண்டும். மறந்துவிடாதீர்கள். காப்பீட்டில் "ஃபுல் டைமர்" என்று சொல்லியே எடுங்கள். விடுமுறைக்கான சாதாரண பாலிசியில் வீட்டுக்குரிய பொறுப்புக் காப்பு இருக்காது. அண்ணாவுக்கு ஒரிஜினல் மெடிகேர் என்றால் எந்த மாநிலத்திலும் அதை ஏற்கும் டாக்டரிடம் போகலாம். தனியார் நிறுவனம் வழியாக வரும் அட்வான்டேஜ் திட்டம் என்றால் பெரும்பாலும் ஊர் நெட்வொர்க்கில் கட்டிப்போடும். உங்கள் மருத்துவத் திட்டம் எச்எம்ஓ (நெட்வொர்க் டாக்டர்களிடம் மட்டும் போகக்கூடிய) வகை என்றால் வெளி மாநிலத்தில் அவசர சிகிச்சை மட்டும்தான், மாத்திரை, பரிசோதனை எல்லாம் டெக்சஸ் வரும்போது முடித்துக்கொள்ளும்படி பயணத்தை அமையுங்கள்.

மறுமொழி: பிளேனோ_தோட்டம்

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. சீட்டைப் போய்ப் பார்த்தோம். 31 அடி வண்டியில் 1,512, 25 அடியில் 2,740. 31 அடியை விட்டுவிட்டோம். 25 அடி வண்டி ஆறு வருஷம் பழையது, சனிக்கிழமை மறுபடி பார்க்கப் போகிறோம். எதை எதைப் பார்ப்பது?

பதில் 6: எடைமேடை

முதல் நாளே போன் செய்து ஃபிரிட்ஜை ஆன் செய்து வைக்கச் சொல்லுங்கள். அப்சார்ப்ஷன் வகை குளிர 24 மணி நேரம் ஆகும். எஞ்சினை மட்டும் நீங்கள் வரும் வரை ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லுங்கள், குளிர்ந்த எஞ்சின் எப்படிப் பிடிக்கிறது என்று பார்க்க வேண்டும்.

போனதும் தண்ணீர்க் கசிவைத் தேடுங்கள், மோட்டார் ஹோமைக் கொல்வது எஞ்சின் இல்லை, மழைத் தண்ணீர். ஈரமானி ஒன்று வாங்கிக்கொண்டு போய் ஓட்டுநர் தலைக்கு மேலே உள்ள படுக்கையின் மூலைகள், ஸ்லைடின் அடி மூலைகள், பின் சுவர், கூரைத் துளைகளைச் சுற்றி வைத்துப் பாருங்கள். மெத்தையைத் தூக்கி மோந்து பாருங்கள். வெளிச்சுவரைப் பக்கவாட்டில் கண்ணை ஒட்டிப் பாருங்கள். அலை மாதிரி உப்பியிருந்தால் உள்ளே பசை விட்டிருக்கிறது, விலை பேசவே வேண்டாம். ஏணியில் ஏறிக் கூரை சீலண்ட் வெடித்திருக்கிறதா பாருங்கள். வாங்கிய பிறகும் ஆறு மாதத்துக்கு ஒரு முறை அதைப் பார்க்க வேண்டும்.

டயரில் டிஓடி என்று தொடங்கும் வரிசையின் கடைசி நாலு இலக்கம்: 2319 என்றால் 2019-இன் 23-ஆவது வாரம். ஆறு வருஷ வண்டியில் ஒரிஜினல் டயர் இருந்தால், கோடு நன்றாக இருந்தாலும் ஆறையும் மாற்றும் செலவை விலையில் கழித்துப் பேசுங்கள். இரட்டைச் சக்கரத்தில் உள்பக்க டயரின் தேதியையும் டார்ச் அடித்துப் பாருங்கள், வெளி டயரை மட்டும் மாற்றி விற்பதுண்டு.

ஜெனரேட்டரை ஏசி போட்டு அரை மணி ஓட்டுங்கள். மணிக்கணக்கு மீட்டரில் மிகக் குறைவாக இருந்தால் சந்தோஷப்படாதீர்கள், ஓட்டாமல் நிறுத்தி வைத்ததில் கார்புரேட்டர் பசையேறியிருக்கும். பெட்ரோல் கால் டேங்குக்குக் கீழே இருந்தால் அது ஸ்டார்ட் ஆகாது, அது பழுது அல்ல. கேஸ் டிடெக்டரின் பின்புறம் காலாவதி வருஷம் பாருங்கள். விஐஎன் என்ற வண்டி அடையாள எண்ணை அமெரிக்க நெடுஞ்சாலைப் பாதுகாப்புத் துறையின் (NHTSA) தளத்தில் போட்டு, ரீகால் (குறையைச் சரி செய்யக் கம்பெனி திரும்ப அழைப்பது) பாக்கி இருக்கிறதா என்று வீட்டிலிருந்தே பார்த்துவிட்டுப் போகலாம்.

கடைசியாக நெடுஞ்சாலையில் 60 மைல் வேகத்தில் ஓட்டுங்கள், லாரி தாண்டும்போது ஸ்டீயரிங் எவ்வளவு இழுக்கிறது என்று அண்ணாவும் நீங்களும் தனித்தனியாகப் பிடித்துப் பாருங்கள். எல்லாம் சரியாக வந்தாலும் முன்பணம் கொடுக்கும்போது, என்ஆர்விஐஏ (மோட்டார் ஹோம் ஆய்வாளர்கள் சங்கம்) சான்று பெற்ற ஆய்வாளர் பார்த்துச் சரி சொன்னால்தான் வாங்குவோம், இல்லையென்றால் பணம் திரும்ப வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.